ஒருவழி வாடகை கார்: செலவைக் குறைத்த அனுபவங்கள்

ஓர் ஊரில் காரை வாடகைக்கு எடுத்து வேறோர் ஊரில் விட்டுவிடும் பயணங்களில் பணத்தை எப்படி மிச்சம் பிடித்தீர்கள் என்பதை இங்கே எழுதுங்கள். பொதுவான அறிவுரைகள் எங்கும் கிடைக்கும், நடந்ததை எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

வேலை காரணமாக ஒரு நகரத்தில் இறங்கி, வழியில் இருக்கும் சிற்றூர்களில் வேலையை முடித்துக்கொண்டு, வேறொரு நகரத்திலிருந்து ஊர் திரும்புவது எனக்கு வழக்கமாகிவிட்டது. ரயில் போகாத ஊர்கள் என்பதால் கார் இல்லாமல் முடியாது. வாடகை கட்டுப்படியாகத்தான் இருக்கும். ஆனால் ரசீதின் அடியில் ‘ஒருவழிக் கட்டணம்’ என்று ஒரு வரி வரும். அது மட்டுமே சில சமயம் மொத்த வாடகைக்கு ஈடாக நிற்கும். ஏன் இவ்வளவு என்று கேட்டால், கணினி அப்படித்தான் காட்டுகிறது என்பதற்கு மேல் பதில் கிடைக்காது.

ஒரு நாள் பிற்பகலில் கவுன்ட்டரில் கூட்டமே இல்லை. அங்கிருந்த அம்மையார் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். நான் கேட்டதும் திரையை என் பக்கம் திருப்பினார். கிளைகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு எண்கள்: கையில் நிற்கும் வண்டிகள், வரும் நாள்களுக்கு முன்பதிவானவை. நான் போகவேண்டிய ஊரில் முதல் எண் பெரியது, இரண்டாவது சிறியது. “அங்கே ஏற்கெனவே வண்டிகள் சும்மா நிற்கின்றன. நீங்களும் ஒன்றைக் கொண்டுபோய் விட்டால், அதைத் திருப்பிக் கொண்டுவர நான் ஓர் ஓட்டுநரை அனுப்ப வேண்டும். அவர் சம்பளம், எரிபொருள், சுங்கம், அன்றைக்கு அந்த வண்டி ஈட்டாமல் போகும் வாடகை, எல்லாம் சேர்ந்ததுதான் இந்தத் தொகை” என்றார். பிறகு பட்டியலில் சற்றுக் கீழே விரலை வைத்தார். அது அந்த ஊரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த விமான நிலையக் கிளை. அங்கே முன்பதிவு அதிகம், வண்டி குறைவு. “இங்கே விடுவதானால் ஒருவழிக் கட்டணமே கிடையாது.” அங்கேயே விட்டேன். மிச்சத் தூரத்துக்குப் பஸ் பிடித்தேன். டிக்கெட் விலை அந்தக் கட்டணத்தின் பக்கத்தில்கூட வரவில்லை.

ஒருவழி வாடகையின் சூட்சுமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. வண்டி எங்கே தேவைப்படுகிறதோ அங்கே கொண்டுபோய் விடுங்கள். காலியாகத் திரும்பும் லாரிக்காரர் குறைந்த வாடகைக்குச் சரக்கு ஏற்றிக்கொள்வதைப் போல, நிறுவனமும் தன் வண்டி போகவேண்டிய திசையில் போகிறவரிடம் இறங்கி வரும். தள்ளுபடிக் குறியீடுகளைத் தேடி அலையும் நேரத்தை, சேருமிடத்தைச் சுற்றியுள்ள கிளைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் செலவிட்டால் பலன் பல மடங்கு.

அமெரிக்காவில் இது பருவத்தோடு சேர்ந்து வரும். குளிருக்கு ஒதுங்கி ஃப்ளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் வருகிறவர்களுக்காக இலையுதிர்காலத்தில் வண்டிகள் அங்கே கொண்டுசெல்லப்படுகின்றன. வசந்தம் வந்துவிட்டால் அத்தனை வண்டிகளுக்கு அங்கே வேலை இல்லை. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் ஃப்ளோரிடாவிலிருந்து வடக்கே ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்குப் பெரிய நிறுவனங்கள் மிகக் குறைந்த தினசரி வாடகையை அறிவிப்பது வழக்கம். இலையுதிர்காலத்தில் அதே சலுகை எதிர்த்திசையில் வரும். வீடு மாற்றுகிறவர்களுக்கு லாரி வாடகைக்கு விடும் யு-ஹாலிலும் இதே நிலைதான். கலிஃபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்கு ஒரு லாரியை ஓட்டிச் செல்ல ஆகும் வாடகை, டெக்சாஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு ஆகும் வாடகையைவிட மிக அதிகமாக இருந்துவந்திருக்கிறது. தூரமும் ஒன்று, சாலையும் ஒன்று. ஆள்கள் போகும் திசைதான் விலையைத் தீர்மானிக்கிறது.

வண்டி யாருடையது என்பதையும் கேட்டுவிடுங்கள். பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும், சில கிளைகளை நிறுவனமே நடத்துகிறது. சிலவற்றை உரிமம் பெற்ற தனி முதலாளி நடத்துகிறார். நிறுவனத்தின் வண்டி என்றால் எந்தக் கிளையிலும் நின்று அடுத்த வாடிக்கையாளருக்குப் போய்விடும். தனி முதலாளியின் வண்டி அவரிடமே திரும்ப வேண்டும். சிறிய ஊர்க் கிளைகளில் ஒருவழிக் கட்டணம் எகிறுவதற்கு, அல்லது ஒருவழிப் பதிவையே ஏற்காமல் போவதற்கு, பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொரு சங்கதி. இந்தக் கட்டணம் எப்போதும் தனி வரியாக வெளியே தெரியாது. சில இடங்களில் தினசரி வாடகையையே உயர்த்தி அதற்குள் வைத்துவிடுகிறார்கள். அப்படி ஒரு பதிவு எனக்கு வந்தபோது ஒரு வாரத்துக்கான வாடகை, அதே வண்டியை எடுத்த இடத்திலேயே விடுவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. அந்த வாரத்தில் பெரும்பகுதி நான் ஒரே வட்டாரத்தில்தான் சுற்றப்போகிறேன். நெடுந்தூரம் ஓட்டுவது கடைசி நாளில் மட்டும். ஆகவே பதிவை இரண்டாகப் பிரித்தேன். முதல் பகுதி, எடுத்த கிளையிலேயே திருப்பிக் கொடுப்பது. இரண்டாவது, கடைசி நாளுக்கு மட்டும் ஒருவழி. உயர்ந்த வாடகை ஒரே ஒரு நாளுக்கு மட்டும் விழுந்தது. கட்டணம் நிலையான தொகையாக இருந்தால் இப்படிப் பிரிப்பதில் லாபம் இல்லை. எது எப்படி என்று தெரிந்துகொள்ள வழி எளிது: ஒரே தேதிகளுக்கு ஒருவழியாகவும், இருவழியாகவும் (அதாவது எடுத்த இடத்திலேயே விடுவதாக) மொத்தத் தொகையைப் பாருங்கள். பிறகு நாள்களின் எண்ணிக்கையை அதிகமாக்கிப் பாருங்கள். வித்தியாசம் நாளோடு வளர்ந்தால் அது வாடகைக்குள் இருக்கிறது. வளராமல் நின்றால் அது நிலையான தொகை.

விமான நிலையக் கிளைகளில் கூடுதல் கட்டணங்கள் இருக்கும், நகரக் கிளையில் அவை இருக்காது என்பது பலருக்கும் தெரிந்ததே. ஒருவழிப் பயணத்தில் மட்டும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். விமான நிலையத்தில் வண்டி உடனே அடுத்தவர் கைக்குப் போய்விடும் என்பதால், அங்கே ஒருவழிக் கட்டணம் இல்லாமல் போய், மொத்தத்தில் அதுவே மலிவாக முடிவதை நான் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி 1

அருமையான தொடக்கம், நண்பரே. நாட்டு எல்லை குறுக்கே வந்தால் இந்தக் கணக்கு இன்னும் தீவிரமாகிவிடும். ஐரோப்பாவில் ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் கட்டணம் தலைசுற்ற வைக்கும். பதிவெண் ஒரு நாட்டினுடையது என்பதால் வண்டி கட்டாயம் அந்த நாட்டுக்கே திரும்ப வேண்டும்.

நாங்கள் குடும்பத்தோடு பிரான்ஸில் லியோனில் காரை எடுத்து, மலைப்பகுதியைச் சுற்றிவிட்டு, சுவிட்சர்லாந்தில் சூரிக் போய்ச் சேர வேண்டியிருந்தது. லியோனிலிருந்து சூரிக்குக்கு ஒருவழி என்று போட்டதும் வந்த தொகையைப் பார்த்து என் கணவர் பயணத்தையே கைவிடலாம் என்றார். இரு நாடுகளின் எல்லையை ஒட்டிய ஜெனிவா விமான நிலையம் என்று மாற்றிப் போட்டேன். தேர்வுப் பட்டியலில் ஜெனிவா இரண்டு முறை வந்தது: ஒன்று சுவிஸ் பகுதி, மற்றொன்று பிரெஞ்சுப் பகுதி. சுவிஸ் பகுதியில் விட்டால் பன்னாட்டுக் கட்டணம். பிரெஞ்சுப் பகுதியில் விட்டால் வண்டி பிரான்ஸைவிட்டு வெளியேறவே இல்லை என்று கணக்கு, உள்நாட்டு வாடகைதான்.

ஒரே விமான நிலையம், ஆனால் பிரெஞ்சுப் பகுதிக்குப் போகும் சாலை வேறு. ஃபெர்னே-வோல்டேர் என்ற பிரெஞ்சு ஊர் வழியாகத்தான் அங்கே வர வேண்டும். சுவிஸ் நெடுஞ்சாலையில் வந்துவிட்டால் நேரே சுவிஸ் பகுதியில் போய் நிற்போம். வழிகாட்டிச் செயலியில் வெறுமனே ‘ஜெனிவா விமான நிலையம்’ என்று போட்டால் அது சுவிஸ் பக்கத்துக்கே அழைத்துப் போகும். அதனால் நான் முதல் நாளிலேயே ஃபெர்னே-வோல்டேரை இடைநிறுத்தமாகப் போட்டு வழியைச் சேமித்து வைத்திருந்தேன். சுவிஸ் நெடுஞ்சாலையைத் தொடாததால் அதற்கு ஒட்ட வேண்டிய சுங்க வில்லையும் தேவைப்படவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, கட்டடத்துக்குள்ளேயே நடந்து சுவிஸ் பக்கம் போனோம். விமான நிலையத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது. சூரிக்குக்கு நேர் ரயில். குழந்தைகளுக்குக் காரைவிட ரயில்தான் பிடித்திருந்தது.

பாசல் விமான நிலையத்திலும் இதே இரட்டை ஏற்பாடு உண்டு. எல்லையை ஒட்டிய எந்த ஊரிலும் முதலில் இதைத் தேடிப் பாருங்கள்.

மறுமொழி 2

‘வண்டி போகவேண்டிய திசையில் போங்கள்’ என்றார் முதல் பதிவர். அதையே முழுநேர ஏற்பாடாக வைத்திருக்கும் தளங்கள் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ட்ரான்ஸ்ஃபர்கார், இமூவா. பிரான்ஸில் ட்ரைவ்மீ. ஜெர்மனியில் மூவாகார். சுவீடனிலும் நார்வேயிலும் ஹெர்ட்ஸின் ஃப்ரீரைடர். நிறுவனம் இடம் மாற்ற வேண்டிய வண்டிகளை இவற்றில் அறிவிக்கிறது. ஓட்டிக்கொண்டு போக முன்வருகிறவருக்கு வாடகை பெயரளவுக்குத்தான், சிலவற்றில் அதுவும் இல்லை.

நான் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஆக்லாந்துக்கு இப்படி ஒரு வண்டியை ஓட்டியிருக்கிறேன். நியூசிலாந்துக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் பலர் வடக்கே ஆக்லாந்தில் இறங்கி, தெற்குத் தீவில் பயணத்தை முடிக்கிறார்கள். அதனால் வண்டிகள் தெற்கே சேர்ந்துவிடுகின்றன. வடக்கு நோக்கிய திசையில்தான் இந்த வாய்ப்பு அதிகம். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து பிக்டன் துறைமுகம் ஏறத்தாழ 340 கிலோமீட்டர், கைக்கூரா வழியாகக் கடலை ஒட்டிய சாலை. பிக்டனிலிருந்து வெலிங்டனுக்குக் குக் நீரிணையைக் கடக்கும் படகு. சுமார் மூன்றரை மணி நேரம். அங்கிருந்து ஆக்லாந்துக்கு இன்னும் 640 கிலோமீட்டர். எனக்குக் கிடைத்த ஒப்பந்தத்தில் வண்டிக்கான படகுக் கட்டணத்தை நிறுவனமே ஏற்றது, எரிபொருளுக்கும் ஒரு தொகை கொடுத்தது. எல்லா அறிவிப்புகளிலும் இப்படி இராது. ‘படகு சேர்த்தா, தனியா’ என்ற ஒரு வரியை மட்டுமாவது வாசித்துவிட்டுச் சம்மதம் கொடுங்கள். ஏனென்றால் வாடகையே இல்லாத வண்டிக்குப் படகுக் கட்டணத்தை நாமே கட்டினால் மிச்சத்தில் பெரும்பகுதி கடலிலேயே போய்விடும்.

கட்டுப்பாடுகள் கடுமையானவை. இத்தனை நாளுக்குள் சேர்க்க வேண்டும், இத்தனை கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடாது. கூடுதல் நாளுக்கு முழு வாடகை. கடன் அட்டையில் பிணைத்தொகை பெரிதாகப் பிடித்துவைப்பார்கள். தேதியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. வண்டி கிளம்பும் தேதிக்கு நாம்தான் இசைய வேண்டும். விடுமுறையை மாற்றிக்கொள்ள முடிந்தவர்களுக்கே இது பொருந்தும். அப்படி முடிந்தால் இதைவிட மலிவாக ஒரு நாட்டைப் பார்க்க வழியில்லை என்பேன்.

மறுமொழி 3

எனக்கு ஒரு சந்தேகம். இருவழி வாடகைக்கு எடுத்துவிட்டு, நடுவில் திட்டம் மாறினால் வேறு ஊர்க் கிளையில் விட்டுவிடலாமா? உறவினர் ஒருவர் அப்படிச் செய்யப்போவதாகச் சொல்கிறார். ஒரே நிறுவனம்தானே என்பது அவர் வாதம்.

மறுமொழி 4

முதல் பதிவை எழுதியவன்தான். நிறுவனத்திடம் சொல்லாமல் வண்டியை வேறு கிளையில் ஒருபோதும் விடவேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் இல்லாத கிளையில் விட்டால் அதற்கெனத் தனிக் கட்டணம் உண்டு. அத்துடன் எடுத்த நாளிலிருந்தே வாடகையை ஒருவழி விலைக்கு மாற்றிக் கணக்குப் போடும் உரிமையும் பல நிறுவனங்களின் விதிகளில் இருக்கிறது. பாதி வழியில் இருந்தாலும் தொலைபேசியில் அழைத்து, புதிய தொகையைக் கேட்டு, அதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்ல வேண்டும். என் பயணம் ஒன்றில் இப்படிக் கேட்டபோது, நான் சொன்ன கிளைக்குப் பெரிய தொகை சொன்னார்கள். “அந்த வட்டாரத்தில் எந்தக் கிளைக்கு வண்டி வேண்டும்?” என்று திருப்பிக் கேட்டேன். ஊழியர் பார்த்துச் சொன்ன கிளையில் அந்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் ஆனது.

வேறு ஊரில் விடும்போது ஒரு முன்னெச்சரிக்கை. வண்டியை வாங்கிக்கொள்ளும் ஊழியருக்கு, கொடுத்த கிளையில் என்ன குறிப்பு எழுதினார்கள் என்பது கண்ணில் படாமல் போகலாம். எடுக்கும்போதே இருக்கும் கீறல்களை ஒப்பந்தத் தாளில் எழுதவைத்து, அந்தத் தாளையும் வண்டியின் நான்கு பக்கங்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விடும்போது எரிபொருள் முள்ளும் ஓடோமீட்டரும் ஒரே படத்தில் தெரியும்படி எடுங்கள். முன்கூட்டியே எரிபொருளுக்குப் பணம் கட்டும் திட்டத்தை ஒருவழிப் பயணத்தில் நான் எடுப்பதே இல்லை. சேருமிடத்துக்கு அருகில் நிரப்பி, அந்த ரசீதை வைத்துக்கொள்கிறேன்.

கிளை மூடிய பிறகு சாவியைப் பெட்டியில் போடும் வசதி இருந்தாலும், மறுநாள் காலையில் ஊழியர் வந்து பார்க்கும்வரை வண்டிக்குப் பொறுப்பு நம்முடையதுதான் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. வாடகை 24 மணி நேரக் கணக்கில் ஓடுகிறது. கிளை திறக்கும் நேரத்தைப் பார்த்து, எடுக்கும் நேரத்தையே அதற்கேற்ப ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி வைத்தால் கூடுதலாக ஒரு நாள் வாடகை விழாது. உங்கள் உறவினர் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிறார் என்று எழுதுங்கள். அந்தப் பாதையில் ஓட்டியவர்கள் இங்கே யாராவது இருப்பார்கள்.