பிரண்ட் மேட்டர் இல்லாத கோப்பை உங்கள் ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர் என்ன செய்கிறது? – அனுபவப் பகிர்வு

தொடக்கப் பதிவு

ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர் என்பது மார்க்டவுன் (எளிய குறிகளுடன் எழுதும் உரை) கோப்புகளை வலைப்பக்கங்களாக மாற்றும் கருவி. கோப்பின் உச்சியில் இரண்டு --- வரிகளுக்கு நடுவே தலைப்பு, தேதி போன்ற விவரங்களோடு வரவேண்டிய பிரண்ட் மேட்டர் (தலைப்பகுதி) விடுபட்டுப் போனால் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது. பிழை காட்டி நின்றுவிட்டால் கவலையில்லை. எதுவும் சொல்லாமல் பில்டை (தளத்தை உருவாக்கும் ஓட்டத்தை) முடித்துவிடும் கருவிகள்தான் ஆளைப் படுத்தும். முதலில் ஜெக்கில்.

ஜெக்கிலைப் பொறுத்தவரை பிரண்ட் மேட்டர் ஒரு சுவிட்ச். முதல் வரி --- என்று இல்லையென்றால் பொதுவாகக் கோப்பைத் தொடாமல் அப்படியே வெளியீட்டுக் கோப்புறைக்கு நகலெடுத்துவிடும். பில்ட் வெற்றி என்றே வரும். ஆனால் ஹெச்டிஎம்எல் பக்கம் உருவாகியிருக்காது, உள்ளே எழுதிய லிக்விட் (டெம்ப்ளேட் மொழி) குறிகளும் எழுதியபடியே கிடக்கும். கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் 'டிஃபால்ட்ஸ்' (பொது மதிப்புகள்) எழுதினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், ஆகாது. அந்த மதிப்புகள் சுவிட்சைப் போட்டுவிடாது, கோப்பு பக்கமாக மாறாது. நடுவில் எதுவும் எழுதாமல் இரண்டு --- வரிகளை மட்டும் வைத்தாலே போதும். முதன்மை சாஸ் (ஸ்டைல்) கோப்புக்கும் இதே விதிதான். அதிலிருந்து இம்போர்ட் ஆகும் துணைக் கோப்புகளுக்குத் தேவையில்லை.

பிரண்ட் மேட்டர் கண்ணெதிரே இருந்தும் ஜெக்கில் கண்டுகொள்ளவில்லையா? மேலே ஒரு வெற்று வரி இருக்கிறதா பாருங்கள். வேர்டு புராசஸர் மூன்று சிறு கோடுகளை ஒரே நீளக் கோடாக மாற்றியிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் பாம் (BOM, கோப்பின் தொடக்கத்தில் ஒட்டும் பைட் வரிசைக் குறி). யூடிஎஃப்-8 கோப்பை 'பாம் உடன்' சேமித்தால் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட்டுகள் சேர்ந்துவிடும். 'ஓடி' (od) கட்டளையில் பதின்ம எண்களாகப் பார்த்தால் 239, 187, 191 என்று வரும். 'பாம் இல்லாமல்' என்று மறுபடி சேமித்தால் தீர்ந்தது.

மறுமொழி

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கிட் கிளையிலிருந்து நேரடியாக பில்ட் செய்யும் கிட்ஹப் பேஜஸில் (கிட்ஹப்பின் தள வெளியீட்டுச் சேவை) 'ஆப்ஷனல் பிரண்ட் மேட்டர்' என்ற ஜெக்கில் பிளகின் தானாகவே இயங்குகிறது. அதனால் அங்கே தலைப்பகுதி இல்லாத மார்க்டவுனும் பக்கமாகிவிடும். சொந்தக் கணினியில் வெறும் ஜெக்கிலை ஓட்டினால் ஆகாது. 'அங்கே வருகிறது, இங்கே வரவில்லை' என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கணினியிலும் கிட்ஹப் பேஜஸ் ஜெம்மையே (ரூபி மென்பொருள் தொகுப்பு) போடுங்கள். ஆக்‌ஷன்ஸில் (கிட்ஹப்பின் தானியங்கி சேவை) சொந்தமாக பில்ட் செய்பவர்கள் பிளகினை ஜெம்ஃபைலிலும் கான்ஃபிகிலும் தாங்களே சேர்க்க வேண்டும்.

மறுமொழி

ஹியூகோ இதற்கு நேர் எதிர். கன்டென்ட் கோப்புறையில் மார்க்டவுன் கோப்பு இருந்தால் போதும், தலைப்பகுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பக்கமாக்கி வெளியிட்டுவிடும். 'டிராஃப்ட்' என்று எழுதாத எதுவும் வரைவு அல்ல என்பதே அதன் கணக்கு. அரைகுறைக் குறிப்புகள் தளத்தில் ஏறுவது இந்த வழியாகத்தான். அப்படிப்பட்ட கோப்புகளை கன்டென்டுக்கு வெளியே வையுங்கள், அல்லது 'இக்னோர்ஃபைல்ஸ்' அமைப்பில் அவற்றின் பெயருக்கு ஒரு ரெஜெக்ஸ் (பெயர் வடிவத்தைக் குறிக்கும் தேடல் கோவை) கொடுங்கள்.

இன்னும் இரண்டு சிக்கல்கள் வரும். தலைப்பு வெற்றாக இருப்பதால் பட்டியல் பக்கத்தில் அந்த இணைப்பைச் சொடுக்க எழுத்தே இருக்காது. டெம்ப்ளேட்டில் தலைப்பு காலியாக இருந்தால் கோப்பின் பெயரைக் காட்டு என்று 'டிஃபால்ட்' ஃபங்ஷனை வைத்து எழுதிவிடலாம். அடுத்தது தேதி: 0001 ஜனவரி 1 என்று எடுத்துக்கொள்வதால் பதிவு பட்டியலின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கான்ஃபிகில் 'பிரண்ட்மேட்டர்' பகுதியில் தேதியை எங்கிருந்து எடுப்பது என்று வரிசை கொடுக்கலாம். கோப்புப் பெயரை (2024-03-15 என்று தொடங்கும் வகை) முதலில் வைப்பதே நல்லது. கிட் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வரலாற்றிலிருந்து எடுப்பதானால் 'எனேபிள்கிட்இன்ஃபோ'வை இயக்க வேண்டும். கூடவே சிஐயில் (தானாக பில்ட் செய்யும் சர்வரில்) குளோன் ஆழத்தையும், அதாவது எவ்வளவு வரலாறு நகலாகிறது என்பதையும் பாருங்கள். ஆழம் 1 என்றால் கடைசி கமிட் மட்டுமே வரும், எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தேதி விழும். செக்அவுட் படியில் 'ஃபெட்ச் டெப்த்' 0 என்று கொடுத்தால் முழு வரலாறும் வரும்.

மறுமொழி

லெவன்டியிலும் தேதி இப்படித்தான் காலை வாரும். எதுவும் குறிப்பிடாவிட்டால் கோப்பு உருவான நேரத்தை எடுத்துக்கொள்ளும். சிஐ சர்வரில் அது குளோன் செய்த நேரம். ஆனால் ஒரு வசதி உண்டு: கோப்புறையின் பெயரிலேயே ஒரு ஜேசன் கோப்பை அதனுள் வைத்து லேஅவுட்டையும் டேகுகளையும் எழுதிவிட்டால், தலைப்பகுதி இல்லாத கோப்புகளுக்கும் அவை பொருந்தும். ஜெக்கிலின் டிஃபால்ட்ஸ் செய்யாததை இது செய்கிறது. லேஅவுட் எங்குமே சொல்லவில்லை என்றால் ஹெட், பாடி எதுவும் இல்லாத வெறும் ஹெச்டிஎம்எல் துண்டுதான் கிடைக்கும். இன்புட் கோப்புறையில் கிடக்கும் ரீட்மீயும் ஒரு பக்கமாகிவிடும், கவனம்.

படுக்கைக் கோடு போடுவதற்காக முதல் வரியிலேயே --- எழுதும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்த --- வரை உள்ள பத்தியை யாமல் (பிரண்ட் மேட்டர் எழுதும் வடிவம்) என்று நினைத்துப் படிக்கப் பார்த்து பில்ட் உடையக்கூடும். கோட்டுக்கு *** போடுங்கள்.

மறுமொழி

ஜோலா கண்டிப்பானது. உள்ளே ஒன்றுமில்லை என்றாலும் இரண்டு +++ வரிகள் வேண்டும், இல்லாவிட்டால் பில்ட் நின்றுவிடும். எனக்கு இந்த நடத்தைதான் பிடிக்கும். பெலிக்கன் தலைப்பு இல்லாத கட்டுரையைத் தவிர்த்துவிட்டு மேலே போகும். செய்தி பில்ட் லாகில் மட்டும் இருக்கும். தேதிக்கு 'டிஃபால்ட்_டேட்' அமைப்பில் 'எஃப்எஸ்' என்று கொடுத்தால் கோப்பின் மாற்ற நேரத்தை எடுத்துக்கொள்ளும். எம்கேடாக்ஸில் பெரிய தொல்லை இல்லை. முதல் நிலைத் தலைப்பு, அதுவும் இல்லாவிட்டால் கோப்பின் பெயர் என்று அதுவே பார்த்துக்கொள்கிறது.

மறுமொழி

கருவி மாறுவதற்கு முன் தலைப்பகுதி இல்லாத கோப்புகளைப் பட்டியலிடுங்கள். --- இல்லாத கோப்புகளை கிரெப்பில் (உரை தேடும் கட்டளை) தேடுவது ஏமாற்றும். நடுவில் படுக்கைக் கோடு உள்ள கோப்பும் 'இருக்கிறது' என்ற கணக்கில் போய்விடும். ஆக் (awk) கட்டளையில் 'எஃப்என்ஆர்' (கோப்பின் வரி எண்) 1 ஆக உள்ள வரியை மட்டும் சோதித்து, அது --- அல்லது +++ என்று தொடங்காவிட்டால் கோப்பின் பெயரை அச்சிடச் சொல்லுங்கள். பாம் ஒட்டியவையும் இதில் மாட்டும். வெற்றுக் கோப்புகளுக்கு முதல் வரியே கிடையாது என்பதால் அவை மட்டும் தப்பிவிடும். அவற்றை 'ஃபைண்ட்' கட்டளையின் 'எம்ப்டி' சோதனையால் தனியாகத் தேட வேண்டும்.