ஈரல் கெட்ட குட்டிக்குப் பத்தியமா, தீனியா?

மானூர்க்காரி:
எங்க வீட்டுச் சிப்பிப்பாறை நாய்க்குட்டிக்கு மூணு மாசம் ஆகுது. கொஞ்ச நாளா தீனி எடுக்கல, வாந்தி, மூத்திரம் கடுங்காப்பி நிறத்துல போகுது. கண்ணு வெள்ளையில மஞ்சள் அடிச்சிருக்கு. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு ஈரல் நொதி ஏஎல்டி, காமாலை மஞ்சள் நிறமி பிலிரூபின் ரெண்டும் ஏறிப்போச்சு, ஈரல்ல கோளாறுன்னு சொல்லி குளுக்கோஸ் ஏத்திவிட்டாரு. மாமியார், உப்பில்லாக் கஞ்சி மட்டும் ஊத்து, முட்டை கறி கண்ணுல காட்டாத, கீழாநெல்லியை அரைச்சு மோர்ல குடுன்னு சொல்லுதாவ. வீட்டுக்காரரோ ஈரலுக்கு ஈரல்தான் மருந்துன்னு ஆட்டு ஈரல் வாங்கிட்டு வந்து நிக்காவ. குட்டி விலா எலும்பு தெரிய மெலிஞ்சு போச்சு. நான் யார் பேச்சைக் கேட்க?

பிசானக்காரன்:
மாமியார் பேச்சைக் கேளுங்க தங்கச்சி. மஞ்சக்காமாலைக்குப் பத்தியமும் கீழாநெல்லியும் எங்க தாத்தா காலத்துல இருந்து குடுத்து வாரோம், மனுசனுக்கும் நாய்க்கும் சேர்த்துத்தான். ஈரல் ஓய்ஞ்சு கிடக்கையில முட்டையைப் போட்டா அது எப்படிச் செரிக்கும்? கீழாநெல்லியை நாட்டுப்புறத்தான் பேச்சுன்னு யாரும் தள்ள வேண்டாம். 1988ல சென்னை ஆராய்ச்சிக்காரங்க செஞ்ச சோதனை லான்செட் மருத்துவப் பத்திரிகையிலயே வந்திருக்கு.

வல்லநாட்டுமான்:
அண்ணாச்சி, அந்தச் சோதனை ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புல தங்கிப்போன மனுசங்களுக்குச் செஞ்சது. பிறகு மத்தவங்க செஞ்சு பார்த்தப்போ அதே பலன் கிடைக்கல. நாய்க்கு வார தொற்று ஈரல் நோய்க்குக் காரணம் அடினோவைரஸ், அது வேற கிருமி.

தங்கச்சி, "ஈரல்ல கோளாறு"ன்னா இன்னும் நோயைக் கண்டுபிடிக்கலன்னு அர்த்தம். உண்ணிக்கடியால பபீசியாங்கிற உண்ணிக்காய்ச்சல் வந்தா ரத்தச் சிவப்பணு உடைஞ்சும் கண்ணு மஞ்சளிக்கும், ஈரல் மேல தப்பே இருக்காது. பூஞ்சை பிடிச்ச நிலக்கடலையோ மக்காச்சோளமோ தின்னிருந்தா அந்த நஞ்சு நேரா ஈரலைத்தான் அடிக்கும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் குடுத்தியளா? வாசல்ல அழகுக்கு சைக்கஸ் செடி இருக்கா, அதோட கொட்டையைக் கடிச்சதா? தடுப்பூசி போட்டாச்சா? வயக்காட்டுப் பக்கம் குட்டி போகுமா? இதையெல்லாம் சொல்லுங்க. ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற வேற.

மானூர்க்காரி:
மாத்திரை எதுவும் குடுக்கல. செடியும் இல்ல. உண்ணி ஒண்ணு ரெண்டு எடுத்துப் போட்டிருக்கோம். வீட்டுக்குப் பின்னாலயே வயல், மழைத்தண்ணி இன்னும் வடியல, குட்டி அதுலதான் கிடந்து உருளும், குடிக்கும். எலி சாஸ்தி. ஊசி ஒண்ணு போட்டிருக்கு, அடுத்தது போடணும்னு இருந்தோம்.

வல்லநாட்டுமான்:
அப்போ எனக்கு முதல் சந்தேகம் எலிக்காய்ச்சல்தான். எலி மூத்திரத்துல இருக்கிற லெப்டோஸ்பைரா கிருமி தேங்குன தண்ணியில கிடக்கும், கீறல் வழியாவும் வாய் வழியாவும் ஏறும். ஈரலையும் கிட்னியையும் சேர்த்து அடிக்கும். ஊசிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்க. ஒட்டியிருக்கிற சீட்டுல கடைசியா எல்-னு ஒரு எழுத்து இல்லேன்னா எலிக்காய்ச்சலுக்கு ஊசி பெரும்பாலும் போட்டிருக்காது. எழுத்து இருந்தாலும் ஒரே ஊசி காணாது, மூணு நாலு வாரம் கழிச்சு ரெண்டாவது போட்டாத்தான் பிடிக்கும். இது ஆன்டிபயாட்டிக்குக் கேட்கிற நோய். நாள் தள்ளத் தள்ள கிட்னி போயிரும். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நாளைக்கே தூக்கிட்டுப் போங்க. லெப்டோவும் உண்ணிக்காய்ச்சலும் ரெண்டையும் பார்க்கணும்னு கேளுங்க, கிட்னிக்குப் பார்க்கிற கிரியாட்டினினும் சேர்த்து.

பிசானக்காரன்:
ஆஸ்பத்திரிக்குப் போறதை நான் தடுக்கல. பத்தியத்தை ஏன் விடச் சொல்லுதிய? எங்க ஊர்ல ஒருத்தர் நாய்க்கு ஈரல் நோய்னு டாக்டரே கறியைக் குறைக்கச் சொல்லி, தயிர்ச்சோறு குடுக்கச் சொன்னாரு. நாயும் பிழைச்சுது. அது பத்தியம் இல்லாம வேற என்ன?

வல்லநாட்டுமான்:
அந்த நாய்க்கு டாக்டர் சொன்னது சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி. தாய் வயித்துல இருக்கையில குட்டிக்கு ஈரலைச் சுத்திப்போக ஒரு ரத்தக்குழாய் உண்டு, பிறந்த சில நாள்ல அது மூடிக்கிடணும். மூடலேன்னா, குளத்துக்கு வர வேண்டிய தண்ணி மறுகால்ல போறாப்ல, குடல்ல இருந்து வார ரத்தம் ஈரலைத் தொடாமப் போயிரும். புரதம் செரிக்கையில வார அம்மோனியா நஞ்சு மூளைக்கு ஏறும். தின்ன கொஞ்ச நேரத்துல குட்டி சுவத்துல தலையை முட்டிக்கிட்டு நிக்கும், வட்டம் சுத்தும், எச்சில் வடியும். அதுக்குத்தான் கறியைக் குறைச்சுத் தயிர், முட்டை மாதிரிப் புரதம். கூட மலத்தை இளக்குற லாக்டுலோஸ் சிரப், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை இளக்கமா வெளிக்குப் போற அளவுக்கு. ஆனா அந்த நோய்ல கண்ணு மஞ்சளாகிறது அபூர்வம். தலையை முட்டுறது, வட்டம் சுத்துறது எதையும் தங்கச்சி சொல்லவும் இல்ல.

அம்மோனியா மூளைக்கு ஏறாத வரைக்கும் புரதத்தைப் பிடுங்கக் கூடாது. ஈரல் தன்னைத் தானே கட்டிக்கிடுத உறுப்பு, அதுக்குச் சரக்கு வேணும்லா? வளர்ற குட்டிக்கு இன்னும் கூடுதலா வேணும். வெறுங்கஞ்சியில கிடந்தா சதை கரையும். ஈரல் கெட்ட குட்டி பட்டினி கிடந்தா ரத்தத்துல சர்க்கரை இறங்கித் துவண்டு போகும், வலிப்பே வரும். அப்படித் துவண்டா குளுக்கோஸைக் குழைச்சு ஈறுல தடவிட்டு ஓடுங்க. வாந்தி நின்னதும் குழைஞ்ச சோறு, அவிச்ச முட்டை, தோல் எடுத்த கோழி, கொஞ்சங்கொஞ்சமா அஞ்சாறு நேரம் வையுங்க. உங்க வீட்டுக்காரர் வாங்கினதை நீங்களே சமைச்சுச் சாப்பிடுங்க. ஆட்டு ஈரல்ல செம்பு ரொம்ப ஜாஸ்தி, நோவுபட்ட ஈரல்ல அது போய்ச் சேரும்.

உப்புல மட்டும் அண்ணாச்சி பக்கம் பாதி நியாயம் இருக்கு. வயித்துல நீர் கோத்தா உப்பைக் குறைக்கத்தான் வேணும்.

வேட்டைக்கால்:
நான் நாய் வளர்க்கிறவன், கசப்பா இருந்தாலும் சொல்லுதேன். மூணு மாசத்துல ஈரல் போன குட்டி காட்டுல ஓடாது. ஊசியும் டெஸ்டுமா அதை வாதிக்காதிய. அந்தக் காசுக்கு நல்ல குட்டியா ரெண்டு வாங்கலாம்.

மானூர்க்காரி:
அண்ணாச்சி, ஓட வைக்க நாங்க வளர்க்கல. எங்க மகன் அது பக்கத்துலதான் படுப்பான்.

வல்லநாட்டுமான்:
வேட்டைக்கால் அண்ணாச்சி, மூடாத குழாய்க் குட்டியா இருந்தா நீங்க சொல்லுததுல ஒரு பங்கு உண்மை இருக்கு. பெரிய சாதி நாய்க்கு அந்தக் குழாய் பெரும்பாலும் ஈரலுக்கு உள்ளேயே ஓடும், அறுவை கஷ்டம், அந்த நாயை இனத்துக்கும் விடக்கூடாது. இது அப்படி இல்ல. எலிக்காய்ச்சலா இருந்து நேரத்தோட பிடிச்சா குட்டி தேறி நல்லா ஓடவும் செய்யும். என்ன நோய்னு தெரியாமலேயே கைவிடுததை என்னால ஒத்துக்கிட முடியாது.

தங்கச்சி, மகன் பக்கத்துல படுக்கானா? இன்னைக்கே பிரிச்சு வையுங்க. எலிக்காய்ச்சல் குட்டியோட மூத்திரத்துல இருந்து மனுசருக்கும் ஒட்டும். மூத்திரத்தைக் கையுறை போட்டுத் துடைங்க, பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்துங்க, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. மகனுக்கோ உங்களுக்கோ காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தா டாக்டர்கிட்ட நாய் விசயத்தை முதல்ல சொல்லுங்க.

பிசானக்காரன்:
பிள்ளைக்கு ஒட்டும்னா அது வேற பேச்சு. தங்கச்சி, காலையிலயே ராமையன்பட்டி போயிருங்க. முட்டையும் வையுங்க, நான் மறுக்கல. ஆனா கீழாநெல்லியை நான் விட்டுக்குடுக்க மாட்டேன், தேறி வரையில குடுக்கலாம்.

வல்லநாட்டுமான்:
தேறினதுக்கு அப்புறம் டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் குடுக்கட்டும் அண்ணாச்சி. மருந்து ஓடுத நாள்ல வேண்டாம். ரெண்டையும் சேர்த்துக் குடுத்து வாந்தி எடுத்தா எதால எடுத்துன்னு டாக்டருக்கே தெரியாது.

மானூர்க்காரி:
புத்தகத்தைப் பார்த்தேன், எல் எழுத்து இல்ல. குட்டியைப் பின்கட்டுல மாத்தியாச்சு. மாமியாரும் என்கூட வாராவ.