ஹாரி கிரெப் எத்தனை போட்டிகளில் வென்றார்? பழைய குத்துச்சண்டைப் பதிவுகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

வடகரையான் கேட்டது:

நண்பர்களுக்கு வணக்கம். இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் ஆடிய அமெரிக்க மிடில்வெயிட் (நடுத்தர எடைப் பிரிவு) குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹாரி கிரெப் வரை வந்து, அதற்கு மேல் நகர முடியாமல் நிற்கிறேன். பிட்ஸ்பர்க் நகரத்து வீரரான இவர் 1926-இல், தமது முப்பத்திரண்டாம் வயதில், ஓர் அறுவை சிகிச்சையை அடுத்து இறந்துபோனார். அதற்குள் முந்நூறை ஒட்டிய போட்டிகளில் ஆடியிருக்கிறார். 1919 என்ற ஒரே ஆண்டில் மட்டும் நாற்பத்தைந்து போட்டிகள். இதுவரை எல்லாப் பட்டியல்களும் ஒத்துப்போகின்றன. ஆனால் அவர் எத்தனை முறை வென்றார் என்று பார்த்தால், ஒரு பட்டியலில் நூற்றுச் சொச்சம் என்றும் மற்றொன்றில் இருநூற்றைம்பதுக்கும் மேல் என்றும் இருக்கிறது.

பின்னாளில் ஹெவிவெயிட் உலக வாகையரான ஜீன் டன்னியுடன் அவர் மோதிய ஐந்து போட்டிகளிலும் இதே குழப்பம்தான். 1922 மே மாதம் நியூயார்க்கில் டன்னியை கிரெப் வென்றார் என்பதிலும், டன்னி தம் வாழ்நாளில் கண்ட ஒரே தோல்வி அதுதான் என்பதிலும் எவருக்கும் ஐயமில்லை. மீதி நான்கில் டன்னி இரண்டை வென்றார் என்று ஒரு பட்டியல் சொல்கிறது; மூன்றை வென்றார், ஒன்று சமன் என்று வேறொன்று சொல்கிறது. தொகுத்தவர்களின் கவனக்குறைவா, அல்லது இதற்கு வேறு காரணம் உண்டா? எந்த எண்ணைக் கட்டுரையில் எழுதுவது?

மணிக்கூண்டு எழுதியது:

தொகுத்தவர்கள் தவறு செய்யவில்லை, வடகரையான். நீங்கள் பார்த்த இரண்டு எண்களும் சரியானவை. இரண்டும் வெவ்வேறானவற்றை எண்ணுகின்றன. இதற்கான காரணம் அந்தக் காலத்துச் சட்டத்தில் இருக்கிறது.

நியூயார்க்கில் 1911 முதல் 1917 வரை நடைமுறையில் இருந்த ஃபிராலி சட்டம் குத்துச்சண்டையைப் பத்துச் சுற்றுகளுக்கு அனுமதித்தது. ஆனால் வென்றவர் யார் என்று அறிவிக்க அனுமதிக்கவில்லை. தீர்ப்பு என்ற ஒன்று இருந்தால் பந்தயக்காரர்கள் நடுவரை விலைக்கு வாங்குவார்கள் என்ற அச்சம்தான் இதற்கு அடிப்படை. நாக் அவுட் நடந்தால், அதாவது ஒருவர் எழ முடியாதபடி வீழ்ந்தால், முடிவு பதிவாகும். பத்தாவது சுற்றின் மணி அடிக்கும்போது இருவரும் நின்றுகொண்டிருந்தால், அதிகாரபூர்வமாக அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. நியூ ஜெர்சி, விஸ்கான்சின், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களிலும் இதே போன்ற ஏற்பாடுகள் இருந்தன. நியூயார்க்கில் 1920-இல் வாக்கர் சட்டம் வந்த பிறகுதான் தீர்ப்பு முறையாகத் திரும்பியது. கிரெப் ஆடிய போட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை இப்படித் தீர்ப்பில்லாமல் முடிந்தவை.

ஆனால் பந்தயப் பணத்தை யாராவது ஒருவரிடம் கொடுத்துத்தானே ஆகவேண்டும்? மேடையோரம் அமர்ந்திருந்த செய்தியாளர் மறுநாள் காலை தம் பத்திரிகையில் யாரை வென்றவர் என்று எழுதினாரோ, அவரையே மக்கள் வென்றவராகக் கொண்டார்கள். இதைத்தான் இன்று 'செய்தித்தாள் தீர்ப்பு' என்கிறோம். அதையும் வெற்றியாகச் சேர்த்தால் கிரெப்பின் எண்ணிக்கை இருநூற்றைம்பதைத் தாண்டும்; நடுவர் அறிவித்ததை மட்டும் எடுத்தால் நூற்றுச் சொச்சத்தில் நிற்கும். டன்னி விஷயமும் இதுவே. 1924-இல் கிளீவ்லண்டிலும் 1925-இல் செயின்ட் பாலிலும் நடந்த இரண்டு போட்டிகளுக்கு அதிகாரபூர்வத் தீர்ப்பு கிடையாது. செய்தியாளர்கள் முதலாவதைச் சமன் என்றும் இரண்டாவதை டன்னியின் வெற்றி என்றும் கண்டார்கள்.

தீர்ப்பில்லாப் போட்டி எவ்வளவு விசித்திரமான தடயத்தை விட்டுச்செல்லும் என்பதற்கு, ஃபிராலி சட்டத்துக்கு முன்பே 1909 மார்ச் 26 அன்று நியூயார்க்கில் ஸ்டான்லி கெட்செலும் ஃபிலடெல்ஃபியா ஜாக் ஓ'பிரையனும் மோதிய போட்டியை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். தொடக்கச் சுற்றுகளில் ஓ'பிரையன் தேர்ச்சியோடு ஆடினார். பத்தாவது சுற்றின் கடைசி நொடிகளில் கெட்செல் அவரை வீழ்த்தினார்; மேடை மூலையில் வைத்திருந்த மரத்தூள் பெட்டியில் தலை சாய்ந்து, நினைவின்றி ஓ'பிரையன் கிடந்தபோது மணி அடித்துவிட்டது. பதிவேட்டில் இதற்குரிய சொல் 'தீர்ப்பில்லை' என்பது மட்டுமே. முதல் எட்டுச் சுற்றுகளை மனத்தில் வைத்து எழுதிய செய்தியாளர் ஒரு முடிவுக்கு வரலாம். மரத்தூள் பெட்டியைப் பார்த்து எழுதியவர் வேறு முடிவுக்கு வரலாம். இருவரையும் பொய்யர் என்று சொல்ல முடியாது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மணிக்கூண்டு சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்று கருதுகிறேன். செய்தித்தாள் தீர்ப்பை வெற்றி தோல்வியாக எண்ணும்போது, அந்த வீரர் எதற்காக ஆடினார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஃபிரெடி வெல்ஷ் 1914 முதல் 1917 வரை லைட்வெயிட் (இலகு எடைப் பிரிவு) உலக வாகையராக இருந்தார். தீர்ப்பில்லாப் போட்டியில் நாக் அவுட் ஆனாலன்றிப் பட்டம் கைமாறாது என்பதால், அமெரிக்காவெங்கும் தொடர்ந்து அத்தகைய போட்டிகளில் ஆடினார். இறுதி மணிவரை நின்றால் போதும் என்று தற்காத்து ஆடிய ஒருவருக்கு, பத்திரிகைகள் 'தோல்வி' என்று எழுதியது பொருட்டே இல்லை. 1917 மே மாதம் பென்னி லெனார்ட் அவரை ஒன்பதாவது சுற்றில் நிலைகுலையச் செய்து பட்டத்தைப் பறித்தது வரை அந்த வழி அவருக்குப் பயன்பட்டது. வெல்ஷின் பத்திரிகைத் தோல்விகளை இன்றைய புள்ளித் தோல்விகளோடு ஒரே பத்தியில் கூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

செய்தி வந்து சேர்ந்த வழியும் முக்கியம். சிற்றூரில் நடந்த போட்டியின் முடிவைப் பெருநகரப் பத்திரிகைக்குத் தந்தியில் அனுப்பியவர் பெரும்பாலும் வீரரின் மேலாளரே. அவர் எதை அனுப்புவார் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னாளில் வந்த பதிவுத் தொகுப்புகளும் பல இடங்களில் மேலாளர்களும் வீரர்களும் கொடுத்த பட்டியல்களையே அப்படியே அச்சிட்டன.

பெயர்களோ பெருங்குழப்பம். பின்னாளில் உலக வாகையரான ஜாக் டெம்ப்சியின் இயற்பெயர் வில்லியம் ஹாரிசன் டெம்ப்சி. கொலராடோ, யூட்டா சுரங்க ஊர்களில் அவர் முதலில் 'கிட் பிளாக்கி' என்ற பெயரில் ஆடினார். 'ஜாக் டெம்ப்சி' என்ற பெயரை அவருடைய அண்ணன் பெர்னி வைத்திருந்தார். கொலராடோவில் ஒருமுறை அண்ணனுக்குப் பதிலாகத் தம்பி மேடையேறியபோது பெயரும் தம்பிக்கு வந்தது. அந்தப் பெயரே கூட 1895-இல் இறந்துபோன பழைய வாகையர் 'நான்பரெல்' ஜாக் டெம்ப்சியிடமிருந்து எடுத்தது. அவருடைய இயற்பெயரும் ஜான் கெல்லி என்பதுதான். ஆகவே பழைய பத்திரிகையில் 'டெம்ப்சி வென்றார்' என்ற ஒரு வரியைக் கண்டால், எந்த டெம்ப்சி என்பதை முதலில் நிறுவ வேண்டும். சாராயக் கடைகளில் கூட்டத்தின் முன் தொப்பியை நீட்டிப் பணம் திரட்டி ஆடிய சண்டைகளுக்கோ அந்த ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

கரிசல்காட்டான் எழுதியது:

இருவர் சொன்னதையும் ஏற்கிறேன். ஆயினும் இதைப் படிப்பவர் 'எல்லாமே பொய்' என்று முடிவுகட்டிவிடுவாரோ என்ற கவலையால் எழுதுகிறேன். பதிவுகளின் குறைகள் எல்லாம் ஒரே திசையில் சாய்வதில்லை. சில எண்கள் ஊதிப் பெருத்தவை, சில தேய்ந்து சிறுத்தவை.

ஊதியதற்கு எடுத்துக்காட்டு, 'ஏப் த நியூஸ்பாய்' என்று அறியப்பட்ட ஏப் ஹாலண்டர்ஸ்கி. 1905 முதல் 1918 வரையிலான பதினான்கு ஆண்டுகளில் 1,309 போட்டிகள் என்று கின்னஸ் நூலே அவர் பெயரில் அச்சிட்டது. ஆண்டுக்குத் தொண்ணூற்றுக்கும் மேல், அதாவது நான்கு நாளுக்கு ஒன்று. கடற்படைக் கப்பல்களில் மாலுமிகளோடு ஆடியவற்றையும் சேர்த்தால்தான் இப்படி ஓர் எண்ணுக்கு அருகிலாவது போக முடியும். அவற்றுக்கு எவரும் பதிவேடு வைக்கவில்லை.

தேய்ந்ததற்கு எடுத்துக்காட்டு சாம் லாங்ஃபோர்ட், இது என்னை வருத்துகிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த இந்தக் கறுப்பின வீரருக்குப் பிறந்த ஆண்டே 1883 என்றும் 1886 என்றும் இருவகையாக எழுதப்படுகிறது. வெள்ளை வாகையர்கள் நிறத்தைக் காரணம் காட்டி ஒதுங்கியதால் லாங்ஃபோர்ட், ஹாரி வில்ஸ், ஜோ ஜெனட், சாம் மெக்வே ஆகியோர் தங்களுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் மோத வேண்டியிருந்தது. லாங்ஃபோர்டும் வில்ஸும் எத்தனை முறை மோதினார்கள் என்பது பட்டியலுக்குப் பட்டியல் வேறுபடுகிறது. வெள்ளையர் நடத்திய பத்திரிகைகள் கறுப்பின வீரர்கள் இருவர் மோதும் போட்டிக்குப் பல வேளைகளில் ஒற்றை வரிக்கு மேல் இடம் தரவில்லை. இந்தியானாபொலிஸ் ஃப்ரீமேன், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பினப் பத்திரிகைகளையும் தேடிப் படித்தால்தான் அந்த இடைவெளி சற்றேனும் நிரம்பும்.

இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் ஆஸ்திரேலிய தேசிய நூலகமும் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்திருக்கின்றன. குத்துச்சண்டைப் பதிவுகளைத் தொகுக்கும் பாக்ஸ்ரெக் இணையதளத்தின் தன்னார்வலர்கள் செய்தித்தாள் தீர்ப்புகளைத் தனியே குறித்துவைக்கிறார்கள். இதனால் பதிவுகள் ஆண்டுதோறும் திருந்துகின்றன. ஆனால் எந்த ஊர்ப் பத்திரிகை மின்னாக்கம் ஆகியிருக்கிறதோ, அந்த ஊர் வீரருக்கே போட்டிகள் கூடுகின்றன என்பதை மறக்க வேண்டாம்.

வடகரையான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒற்றை எண்ணை எழுதும் எண்ணத்தைக் கைவிட்டேன். நடுவர் அறிவித்த முடிவுகளை ஒரு பத்தியிலும், செய்தித்தாள் தீர்ப்புகளை அவற்றைச் சொன்ன பத்திரிகையின் பெயரோடு மற்றொரு பத்தியிலும் தரப்போகிறேன். ஒரே ஓர் ஐயம்: ஒரே போட்டிக்குப் பத்திரிகைகள் முரண்பட்டால் எதற்கு எடை கொடுப்பது? கிரெப் ஆடிய போட்டிகளின் படச்சுருள் ஏதும் எஞ்சாததால் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கவும் வழியில்லை.

மணிக்கூண்டு எழுதியது:

போட்டி நடந்த ஊரின் பத்திரிகைகளிலிருந்து தொடங்குங்கள். ஒன்றோடு நிறுத்தாமல், காலை, மாலைப் பதிப்புகள் கிடைக்கும் அளவுக்கு எல்லாவற்றையும் பாருங்கள். சுற்றுவாரியாக விவரித்த செய்திக்கு, முடிவை மட்டும் சொன்ன செய்தியைவிட அதிக எடை கொடுங்கள். பிறகு தோற்றவர் என்று சொல்லப்படுபவரின் சொந்த ஊர்ப் பத்திரிகையைத் தேடுங்கள்; தங்கள் ஊர்ப் பிள்ளை தோற்றான் என்று அவர்களே ஒப்புக்கொண்டிருந்தால் நான் பெரும்பாலும் அங்கே தேடலை நிறுத்திவிடுவேன். தேதியை மட்டும் இருமுறை சரிபாருங்கள்: செய்தி அச்சான நாளைப் போட்டி நடந்த நாளாகக் குறித்துவிட்டதால் ஒரே போட்டி இரண்டாகப் பதிவான இடங்கள் இந்தக் காலத்துப் பட்டியல்களில் உண்டு. கிரெப்பைப் போல வாரம் ஒருமுறை மேடையேறியவருக்கு அந்தப் பிழை எளிதில் கண்ணில் படாது.