இல்லத்துக் குழந்தைகளுக்குத் தீபாவளிப் புத்தாடை: பணம் திரட்டும் முன் என்னென்ன யோசிக்க வேண்டும்?

கேள்வி (கோவை மாணவி)

அனைவருக்கும் வணக்கம். நான் கோவையில் ஒரு கலைக் கல்லூரியில் வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், பெற்றோரை இழந்தவர்களும், தாயோ தந்தையோ தனியாக வளர்க்க இயலாமல் கொண்டுவந்து சேர்த்தவர்களுமாக 36 குழந்தைகள் தங்கிப் படிக்கும் ஓர் இல்லம் இருக்கிறது. சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது அங்கே இரண்டு நாள் சுவருக்கு வண்ணம் பூசினோம். ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தீபாவளிக்கு வந்த உடையைத்தான் பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் அணிவதாகப் பேச்சுவாக்கில் சொன்னாள். அவள் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை; ஆனாலும் அதை என்னால் மறக்க முடியவில்லை.

இந்தத் தீபாவளிக்கு 36 பேருக்கும் ஆளுக்கொரு புத்தாடை வாங்கிக் கொடுக்க நானும் என் தோழிகள் மூவரும் முடிவு செய்திருக்கிறோம். ஒருவருக்கு 800 ரூபாய் என்று கணக்கிட்டால் 28,800 ரூபாய் வேண்டும். கல்லூரியிலும் உறவினர்களிடமும் கேட்கப் போகிறோம். சிங்கப்பூரில் இருக்கும் என் மாமாவும் உதவுவதாகச் சொல்கிறார். பணத்தை என் சொந்த வங்கிக் கணக்கில் வாங்கலாமா, எல்லாருக்கும் ஒரே துணியில் தைத்துக் கொடுத்தால் செலவு குறையும் என்கிறார்களே, அது சரியா, கொடுத்தவர்களுக்கு நம்பிக்கை வரும்படி குழந்தைகள் உடையுடன் நிற்கும் படத்தை அனுப்பலாமா என்ற மூன்றிலும் எனக்குத் தெளிவு தேவைப்படுகிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1 (இல்லத்தில் வளர்ந்தவன்)

தங்கைக்கு வணக்கம். நான் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தென்மாவட்டம் ஒன்றில் இத்தகைய இல்லத்தில் தங்கிப் படித்தவன். ஆகவே உங்கள் இரண்டாம் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் வாங்கிக்கொண்டவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, நல்ல மனம் கொண்ட ஒருவர் எங்கள் ஐம்பது பேருக்கும் ஒரே துணிச் சுருளிலிருந்து வெட்டித் தைத்த நீலக் கட்டம் போட்ட சட்டை கொடுத்தார். துணி தரமானது, தையலும் நன்றாகவே இருந்தது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடந்தால், நாங்கள் யார், எங்கே தங்கியிருக்கிறோம் என்பது எதிரில் வருபவர் அனைவருக்கும் தெரிந்துவிடும். பள்ளியில் பிறந்தநாளன்று வண்ண உடை அணியலாம் என்ற அனுமதி இருந்தும், அந்தச் சட்டையைப் போட மனமில்லாமல் அன்றும் சீருடையிலேயே சென்றேன். மறு ஆண்டு வந்தவர், துணி எடுப்பதற்கு முன்பே ஒருமுறை நேரில் வந்து, ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அரக்கு நிறம் என்று சொன்னேன். அவர் கொண்டுவந்த பொட்டலத்தின் மேல் என் பெயர் எழுதியிருந்தது. உள்ளே அரக்கு நிறச் சட்டையே இருந்தது. தோள் இறுகிப் பிடிக்கும் வரை இரண்டு ஆண்டுகள் அதை அணிந்தேன். ஆகவே ஒரே துணியில் தைத்து மிச்சப்படும் தொகைக்காக அந்த வழியை நாடாதீர்கள். 800 ரூபாய் போதவில்லை என்றால் 700 ரூபாய்க்கு வாங்குங்கள். ஆனால் அவர்களைக் கேட்டு வாங்குங்கள்.

படம் எடுக்கவே வேண்டாம் என்பது என் வேண்டுகோள். பொட்டலத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றதும், யாரோ ஒருவர் கண் மூடிவிட்டார் என்று மறுபடியும் நிற்க வைத்ததும் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் எனக்கு நினைவிருக்கிறது.

வெளியிலிருந்து வருபவர்களுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. தாயோ பாட்டியோ உள்ள பிள்ளைகள் தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். பண்டிகையன்று நீங்கள் உடை கொண்டுபோனால், அவர்கள் பழைய உடையோடு ஊருக்குச் சென்று, சொந்தக்காரர் முன்னால் அதிலேயே பண்டிகை கொண்டாடிவிட்டு, திரும்பி வந்து புதியதைப் பெறுவார்கள். விடுமுறை தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். யாருமில்லாமல் இல்லத்திலேயே தங்கிவிடும் ஐந்தாறு பேர்தான் அன்று உண்மையில் தனித்துப் போகிறவர்கள். உங்களால் முடிந்தால், இல்லத்தின் ஒப்புதலோடு, அன்று விடியற்காலையில் உங்கள் அம்மாவையோ அத்தையையோ அழைத்துச் செல்லுங்கள். தலையில் நல்லெண்ணெய் வைத்து, வெந்நீர் எடுத்து வைத்து, புத்தாடையின் ஓரத்தில் மஞ்சள் தடவிக் கையில் கொடுக்க ஒருவர் இருந்தால், அந்த உடையின் விலையை யாரும் நினைக்கமாட்டார்கள். கிறித்தவ, இசுலாமியப் பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கு உடை எந்தப் பண்டிகைக்கு வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 2 (ஈரோடு ஜவுளிக்கடைக்காரர்)

முன்னவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வாங்கும் முறையைப் பற்றி மட்டும் சில சொற்கள் சேர்க்கிறேன்.

வயதைக் கேட்டு உடை எடுத்தால் பாதிப் பேருக்குப் பொருந்தாது; பத்து வயதுப் பிள்ளைகளுள் எட்டு வயது உருவம் உள்ளவரும் இருப்பார், பன்னிரண்டு வயது உருவம் உள்ளவரும் இருப்பார். அளவு நாடா ஒன்றை எடுத்துச் சென்று மார்பு, இடுப்பு, உயரம் மூன்றையும் அங்குலத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைகளுக்கு இல்லத்துப் பெண் பணியாளரோ நீங்களோ அளவெடுப்பதே முறை. வளரும் பிள்ளைகள் என்பதால் ஓர் அளவு கூடுதலாக எடுக்கலாம். இரண்டு அளவு கூடினால் இரவல் உடை போலத் தொங்கும்.

ஈரோட்டில் கனி மார்க்கெட் என்னும் ஜவுளி அங்காடியின் வாரச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். அங்கே மொத்தமாக எடுப்பதால் விலை குறையும். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே வந்துவிடுங்கள், ஏனெனில் கடைசிப் பத்து நாளில் நடுத்தர அளவுகள் தீர்ந்துபோகும், கேட்ட நிறமும் கிடைக்காது. பொருந்தாததை மாற்றிக்கொள்ளலாமா என்று முதலிலேயே பேசி, பில்லின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில், இல்லங்களுக்குத் துணி எடுக்க வருபவர்களுள் பத்தில் ஒருவர்கூட உள்ளாடை எடுப்பதில்லை. பிள்ளைகளுக்கு மிகவும் தேவைப்படுவதும், அவர்கள் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவதும் அதுதான். மேலுடைக்கு 600 ரூபாய் ஒதுக்கி, மீதி 200 ரூபாயில் ஆளுக்கு இரண்டு இணை உள்ளாடை வாங்குங்கள். திருப்பூர் காதர்பேட்டையில் அது நியாயமான விலைக்குக் கிடைக்கும்.

பதில் 3 (கணக்காயர் அலுவலக ஊழியர்)

பணம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். உங்கள் அன்றாடச் செலவுக்கான கணக்கில் வாங்கினால் சட்டக் குற்றம் இல்லை. ஆனால் எது நன்கொடை, எது அப்பா அனுப்பிய விடுதிக் கட்டணம் என்று ஆறு மாதம் கழித்து உங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் பெயரும் ஒரு தோழியின் பெயரும் சேர்ந்த தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, நன்கொடை முழுவதையும் யுபிஐ வழியாக அதில் மட்டும் வாங்குங்கள். ரொக்கமாகக் கொடுப்பவர்களுக்கு எண்ணிட்ட ரசீது கொடுத்து, அன்றைக்கே கணக்கில் செலுத்திவிடுங்கள். துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி அனுமதி பெறுவது உங்களுக்குப் பாதுகாப்பு.

வரிக்கழிவு கிடைக்குமா என்று சிலர் கேட்பார்கள். 80ஜி என்று வழங்கப்படும், நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை, அதற்கான ஒப்புதல் பெற்ற அறக்கட்டளைக்கு நேரடியாகப் பணம் செலுத்துபவருக்கே உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும், பணமாக அல்லாமல் பொருளாகக் கொடுத்தாலும், புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவராக இருந்தாலும் அது கிடைக்காது. எனவே உங்கள் கணக்குக்கு அனுப்புபவர்களிடம் வரிச்சலுகை உண்டு என்று தவறியும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மாமா இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்து, தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நிதி ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010 குறுக்கே வரும். அதன்படி பதிவோ முன் அனுமதியோ பெறாத இல்லம் அந்தப் பணத்தை வாங்க இயலாது. அப்படியானால், அவருடைய உதவியை இந்த முறை நன்றியோடு தவிர்த்துவிடுவதே நல்லது.

பதில் 4 (குழந்தைகள் பாதுகாப்புக் களப்பணியாளர்)

படம் வேண்டாம் என்பது மரியாதை தொடர்பானது மட்டும் அன்று, சட்டமும் அதையே சொல்கிறது. இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015இன் 74ஆம் பிரிவின்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்களிலோ வேறு எந்தத் தகவல் தொடர்பு வழியிலோ வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வாட்ஸ்அப் நிலைத்தகவலில் ஒரு நாள் மட்டும் வைத்தேன் என்று சொல்லி இதிலிருந்து தப்ப முடியாது. நன்கொடையாளர்களுக்குப் பில்களையும், மேசையில் மடித்து அடுக்கிய உடைகளின் படத்தையும், இல்லத்தின் கையொப்பமிட்ட பெறுகைக் கடிதத்தையும் அனுப்பினால் போதும்.

பணம் திரட்டத் தொடங்கும் முன், அந்த இல்லம் இதே சட்டத்தின் 41ஆம் பிரிவின்கீழ்ப் பதிவு பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். பொறுப்பாளரிடம் சான்றிதழைக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை. ஐயம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். பதிவில்லாத இடத்துக்குப் பணம் கொண்டுபோவது குழந்தைகளுக்கு உதவாது.

அளவெடுக்கச் செல்லும்போது அப்பா எங்கே, அம்மா ஏன் வரவில்லை போன்ற கேள்விகளை உங்கள் தோழிகளும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் வருகிறேன் என்று சொன்னால் கட்டாயம் போங்கள். போக இயலாது என்றால் சொல்லாதீர்கள், ஏனென்றால் அவர்கள் நாள் எண்ணிக் காத்திருப்பார்கள். எந்தக் குழந்தையாவது தனக்குத் துன்பம் நேர்வதாக உங்களிடம் சொன்னால், இல்லத்தில் விவாதிக்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்துத் தெரிவியுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

பதிலளித்த ஐயா, அண்ணா, அக்கா அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூன்று நாள்களுக்குப் பிறகு எழுதுவதற்குக் காரணம், நேற்று இல்லத்துக்கு நேரில் சென்றுவந்து எழுதலாம் என்று காத்திருந்ததுதான்.

பொறுப்பாளர் அம்மா பதிவுச் சான்றிதழைத் தயங்காமல் காட்டினார்கள். 36 பேரில் 29 பேர் விடுமுறைக்கு ஊருக்குச் செல்வார்களாம். ஏழு பேர் இல்லத்திலேயே இருப்பார்கள். அந்த ஏழு பேருடன் தீபாவளிக் காலையைக் கழிக்க என் அம்மாவும் பாட்டியும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு உடை வேண்டும் என்றார்கள். அவர்களுக்கான தொகையை எடுத்து வைத்துவிடுவோம். மாமா சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டதால், அவரிடம் விளக்கிச் சொல்லிவிட்டேன். அவருக்குச் சற்று வருத்தம், ஆனால் புரிந்துகொண்டார்.

நிறமும் அளவும் 35 பேருக்கு எழுதி முடித்துவிட்டோம். எனக்குத் தண்ணீர் கொடுத்த அந்தச் சிறுமி மட்டும், இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால் யோசிக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு நாள் அவகாசம் கேட்டிருக்கிறாள். நாளை மாலை மறுபடியும் போகிறேன். தனிக் கணக்கில் இதுவரை 11,400 ரூபாய் சேர்ந்திருக்கிறது. முழுத் தொகையும் சேர்ந்துவிட்டால் வரும் திங்கள் இரவே ஈரோடு புறப்படுகிறோம், சேராவிட்டால் அதற்கடுத்த சந்தைக்கு.