புதுப்பிப்பு: முழுச் செம்புக் குண்டுக்கு வெடிமருந்து அளவு கிடைத்துவிட்டது

கலிஃபோர்னியாவில் இருக்கும் என் பெரியப்பா மகன், மான் வேட்டைக்குப் புதுவகை முழுச் செம்புக் குண்டு வைத்துத் தானே தோட்டா தயாரிக்கப் பார்க்கிறார், பழைய ஈயக் குண்டின் வெடிமருந்து அளவையே போடலாமா என்று கேட்டிருந்தேன். (நம் ஜவ்வாது மலைப் பக்கம் வேட்டையே குற்றம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அங்கே 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு தடை.)

போடவே கூடாது. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.34 கிராம், செம்பு 8.96 கிராம்தான், அதனால் அதே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும், தோட்டாவின் மொத்த நீளத்தை மாற்றாவிட்டால் உறைக்குள் ஆழமாக இறங்கி மருந்துக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். துப்பாக்கிக் குழலுக்குள் போகும்போது ஈயம்போல் செம்பு இளகியும் கொடுக்காது.

அப்புறம் கலிஃபோர்னியா அண்ணன் குண்டு தயாரிக்கும் கம்பெனிக்கே எழுதி, அந்தக் குண்டை வைத்துச் சோதித்த மருந்து அளவு அட்டவணையை வாங்கிவிட்டார். குறைந்த அளவில் ஆரம்பித்து, அழுத்தம் மிஞ்சிய அடையாளம் இருக்கிறதா என்று சுட்ட உறையின் அடிப்பக்கத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுகிறார். எடை ஒன்றுதானே என்று வேறு கம்பெனி அட்டவணையை எடுத்துவிடாதீர்கள், குண்டின் வடிவமும் அதிலுள்ள வரிப்பள்ளமும் மாறினாலே அழுத்தம் மாறும்.

கம்பெனியிடமே கேட்கச் சொன்ன வாலாஜா அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.