வெளிநாட்டு வகுப்போடு கூட்டு புராஜெக்ட்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். கோவையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக வகுப்போடு ஆறு வார ஆன்லைன் புராஜெக்ட் செய்கிறோம். நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006இல் தனி மையமே தொடங்கியதே, அந்த 'காயில்' (COIL, வெவ்வேறு நாட்டு வகுப்புகள் ஆன்லைனில் சேர்ந்து கற்பது) முறைதான்.

தலைப்பு திருப்பூர் சாயக்கழிவு. எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாததா? ஆனாலும் ஜூமில் வாயே திறப்பதில்லை. "இந்தத் தரவு போதாது" என்று ஜெர்மன் மாணவர்கள் நேரடியாகச் சொன்னால் இவர்கள் சுருங்கிப்போகிறார்கள். இவர்கள் எல்லாவற்றுக்கும் "ஓகே" சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டால் அவர்களுக்குக் குழப்பம். அப்புறம் வாட்ஸ்அப்பில் என்னிடம் புலம்பல். (அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பிவைக்க, மூன்றரை மணி வித்தியாசம் நாலரை ஆனதும், ஒரு கூட்டம் வீணானதும் தனிக்கதை.)

முதல் வாரம் பாடத்தைத் தொடாமல் பழகவைக்க நீங்கள் என்ன செய்தீர்கள்? மதிப்பெண் எப்படிப் போட்டீர்கள்? அறிக்கைக்குப் போட்டுவிடலாம். அடுத்தவர் பேசும் விதத்தைப் புரிந்துகொண்டதற்கு? நாட்குறிப்பு எழுதச் சொன்னால் வகுப்பே "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று எழுதுகிறது!

ஜனவரியில் அடுத்த அணி. மாதிரிக் கேள்விகள் ஏதாவது இருந்தால் பகிருங்களேன்.