வியாசர்பாடி பசங்களுக்கு ஒரு மனநல ஆலோசகர் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. வடசென்னை வியாசர்பாடியில் குடியிருந்துகொண்டு, சாயங்காலம் எட்டாவது, ஒன்பதாவது பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன். கால்பந்துக்குப் பேர்போன இடம் இது, தயவுசெய்து ரவுடி ஏரியா என்று மட்டும் பார்க்காதீர்கள்.

போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒருவரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். என் மாணவன் ஒருவனுக்குச் சித்தப்பா. கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலிருந்து அவர் முகத்தை மட்டும் கத்தரித்து, கணக்கு நோட்டு அட்டையில் ஒட்டியிருக்கிறான். வாசலில் பைக் சத்தம் கேட்டால் பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறான். பழிக்குப் பழி என்று அவனை ஏற்றிவிடவும் ஆள் இருக்கிறது.

"சின்னப் பசங்களை ஒன்றும் செய்ய மாட்டாங்க" என்று சொல்லியே ரவுடிகள் இந்தப் பசங்களை வேவு பார்க்க அனுப்புகிறார்கள். 2015 சிறார் நீதிச் சட்டம் 83-வது பிரிவில், பிள்ளைகளை இப்படிச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. 16 வயது ஆனவன் கொடுங்குற்றத்தில் சிக்கினால், அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கவும் வழி இருக்கிறது. எங்கள் தெரு அம்மாக்கள் பலருக்கு இது தெரியாது.

சாவு பார்த்த பிள்ளைகளிடம் பேசத் தெரிந்த மனநல ஆலோசகர் யாராவது ஞாயிற்றுக்கிழமைகளில் வர முடியுமா? அம்மாக்களுக்குச் சட்டத்தைப் புரியும்படி சொல்ல ஒரு வக்கீலும் வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசிய அனுபவம் உள்ள ஆசிரியர்கள், தகவல் சொன்னவர் பெயர் வெளியே போகாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். பண உதவி வேண்டாம், ஆள்தான் வேண்டும்.